ட்ராக் டே காருக்கு பிரேக் அப்கிரேடு: முதல் காசு எங்கே போக வேண்டும்?

முதல் மூன்று சுற்று வரை எல்லாம் ஜோராகத்தான் போகும். நான்காவது சுற்றில், ஸ்ட்ரெய்ட் முடியும் இடத்தில், வழக்கம்போலக் காலை வைத்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே இறங்கும். வண்டி நிற்கத்தான் செய்யும், ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும். அந்தத் தாண்டிய தூரத்தில் இருப்பது வெறும் மண்ணா, டயர் சுவரா, முன்னால் போகிற இன்னொரு காரா என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

பிட்டுக்குத் திரும்பியதும் ஓட்டியவர், "பிரேக் சுத்தமா போயிடுச்சுண்ணே" என்பார். பக்கத்தில் நிற்கும் அனுபவசாலி சக்கர இடுக்கில் குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்டாக் பிரேக் இதுக்கெல்லாம் தாங்காது தம்பி. பெரிய டிஸ்க்கும் நாலு பிஸ்டன் காலிப்பரும் போட்டுடு, பிரச்சினை முடிஞ்சுது" என்பார். சம்பளத்தில் ஒரு பெரிய துண்டுக்கு அங்கேயே கணக்கு எழுதியாகிவிடும்.

பெரும்பாலான சமயம் இந்த யோசனை தப்பு. அந்த நான்காவது சுற்றில் கைவிட்டது டிஸ்க்கும் அல்ல, காலிப்பரும் அல்ல. குழாய்க்குள் இருந்த, ஒரு சின்ன டப்பாவில் வாங்கக்கூடிய ஒரு திரவம்.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீள ட்ராக் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் சுமார் 2.1 கி.மீ. நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஒரு காலத்தில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் வண்டிகளை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் பிள்ளைகள், இன்று சொந்த காரிலேயே ட்ராக்கில் இறங்கிப் பார்க்க முடிகிறது. வார நாளில் ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஊர்கிற அதே ஸ்விஃப்ட்டோ போலோவோதான் சனிக்கிழமை ட்ராக்குக்கும் போகிறது. சிக்கல் தொடங்குவது இங்கேதான். ஒரே காருக்கு இரண்டு வேலை. ஒரே பிரேக் இரண்டையும் பார்க்க வேண்டும்.

மூன்று விநாடியில் மூன்றரை லிட்டர் வெந்நீர்

பிரேக் செய்கிற வேலை எளிமையானது. ஓடுகிற வண்டியின் ஆற்றலைச் சூடாக மாற்றிக் காற்றில் விடுவது. எவ்வளவு சூடு என்பதில்தான் சாலைக்கும் ட்ராக்குக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

ஓட்டுநரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு ஹேட்ச்பேக். சிக்னலில் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் வெளியாகும் சூடு, அரை லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதே கார் ட்ராக்கில் 160-லிருந்து 60-க்கு வேகத்தைக் குறைத்தால் மூன்றரை லிட்டர் கொதிக்கும். வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான்.

அதுவும் மூன்று விநாடிக்குள் நடந்து முடிகிறது. போலோ ஜிடி டிஎஸ்ஐ காரின் என்ஜின் 105 குதிரைத்திறன் கொடுத்தது. அந்த மூன்று விநாடியில் பிரேக் செய்யும் வேலையைக் குதிரைத்திறனில் சொன்னால் 400-ஐத் தாண்டும். என்ஜினை ரீமேப் செய்து இருபது குதிரை கூட்டிக்கொள்ள வரிசையில் நிற்பவர்கள், அந்தக் காரிலேயே அதைவிடப் பல மடங்கு பெரிய இயந்திரம் நாலு சக்கரத்திலும் உட்கார்ந்திருப்பதை யோசிப்பதில்லை.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால், வேலையில் சுமார் 70 சதவீதத்தை முன்சக்கரங்களே பார்க்கின்றன. முன் டிஸ்க் ஒன்று 5 கிலோ என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன ஒரே ஒரு பிரேக்கில் அதன் சூடு ஏறக்குறைய 150 டிகிரி ஏறும். அடுத்த வளைவுக்குள் அது முழுதாக ஆறாது. மிச்சச் சூட்டின் மேல் இன்னொரு 150. சில சுற்றுகளில் டிஸ்க் 500 டிகிரியைத் தொடுவது இப்படித்தான். சாலையில் ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவே ஆறிவிடுகிற பிரேக்குக்கு ட்ராக்கில் மூச்சு விட நேரமே கிடைப்பதில்லை.

பெடல் என்ன சொல்கிறது?

பணம் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது இது ஒன்றுதான்: பிரேக் எப்படிப் போனது? இரண்டு விதமாகப் போகும். காலுக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியும்.

ஒன்று, பெடல் மெத்தென்று கீழே இறங்கும். இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் கொஞ்சம் மேலே வரும். இது பிரேக் ஆயில் கொதித்ததன் அடையாளம். திரவத்தை அழுத்த முடியாது. அதனால்தான் காலின் அழுத்தம் அப்படியே காலிப்பருக்குப் போகிறது. ஆயில் கொதித்து ஆவியானால் அந்தக் குமிழிகளை அழுத்தலாம். காலின் அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும், பேடுக்குப் போய்ச் சேராது.

இன்னொன்று, பெடல் கல் மாதிரி கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டே போகும். எரிந்த நாற்றமும் வரும். இது பேட் வேலை. பேடில் உராய்வுப் பொருள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிசின் அளவுக்கு மீறிய சூட்டில் சிதைகிறது, உராய்வு விழுந்துவிடுகிறது.

மெத்தென்ற பெடலுக்குப் புது பேட் வாங்கிப் பயனில்லை. கெட்டிப் பெடலுக்கு ஆயில் மாற்றியும் பயனில்லை. டிஸ்க்கின் விட்டத்தைப் பற்றிப் பேசும் முன், "பெடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்காத மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுக்க யோசிக்கத்தான் வேண்டும்.

முதலில் ஆயில்

நம் ஊரில் எல்லோரும் பிரேக் ஆயில் என்கிறோம். உண்மையில் அது எண்ணெயே அல்ல. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம். இதற்கு ஒரு குணம் உண்டு: காற்றில் இருக்கும் ஈரத்தை மெதுவாக உறிஞ்சும். மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆண்டு முழுக்கப் புழுங்குகிற சென்னைக் காற்றுக்கு இதைவிட வேறு வேலை என்ன?

ஈரம் ஏறினால் கொதிநிலை விழும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205-லிருந்து 140. டாட் 5.1 என்றால் 260-லிருந்து 180. மூன்று வருஷமாக ஆயிலைத் தொடாத காரை ட்ராக்கில் இறக்குவது என்றால் நடைமுறையில் என்ன அர்த்தம் என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது. 500 டிகிரி டிஸ்க்குக்குச் சில அங்குலம் தள்ளி இருக்கும் திரவம் அது.

ஆகவே முதல் செலவு இங்கேதான். ட்ராக்குக்கென்றே விற்கும் ஆயில்கள் புதிதாக இருக்கும்போது 300 டிகிரிக்கு மேல் தாங்குகின்றன. விலை, ஒரு குடும்பம் ஒரு வேளை நல்ல ஹோட்டலில் சாப்பிடும் காசு. ஆனால் இவற்றில் பல சாதாரண ஆயிலைவிட அடிக்கடி மாற்ற வேண்டியவை. ஒருமுறை ஊற்றிவிட்டு இரண்டு வருஷம் மறந்துவிடலாம் என்ற கணக்கு இங்கே ஓடாது.

ஒரு எச்சரிக்கை. டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது. எண் பெரிதாக இருப்பதால் உயர்ந்த சரக்கு என்று வாங்கி வருபவர்கள் உண்டு. அது சிலிக்கான் வகை. மற்ற ஆயிலோடு கலக்கக் கூடாது, ஏபிஎஸ் உள்ள கார்களுக்குப் பொதுவாக ஆகாது. 5-ம் 5.1-ம் ஒன்றல்ல. தண்ணீரை உறிஞ்சாதே என்று யாராவது அதைப் பரிந்துரைத்தால், உறிஞ்சாத தண்ணீர் காணாமல் போவதில்லை, தாழ்வான இடத்தில் தனியாகத் தேங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லலாம்.

ஆயிலை மாற்றும்போது நாலு சக்கரத்திலும் முழுதாக ஏர் எடுக்க வேண்டும். மேலே இருக்கும் டப்பாவில் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றி அனுப்பும் அவசர சர்வீஸ் இதற்கு உதவாது. காலிப்பருக்குள் இருக்கும் பழசுதான் முதலில் கொதிக்கப் போவது.

பேட்: ட்ராக்குக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று

அடுத்தது பேட். சாலைக்கான பேட் குளிர்ந்த நிலையிலேயே பிடிக்க வேண்டும், கத்தக் கூடாது, டிஸ்க்கைத் தின்னக் கூடாது, ஐம்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கவும் வேண்டும். இவ்வளவும் கேட்டுவிட்டு 500 டிகிரியையும் தாங்கச் சொன்னால் எப்படி? ட்ராக் பேட் மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்து அந்த ஒரு வேலையை மட்டும் செய்கிறது.

இங்கேதான் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. கடுமையான ட்ராக் பேட் நல்ல சூடேறிய பிறகுதான் முழுதாகப் பிடிக்கும். திங்கட்கிழமை காலை, மழையில் நனைந்த டிஸ்க், வேளச்சேரி பாலத்தின் இறக்கம், குறுக்கே வெட்டும் ஒரு ஸ்கூட்டர். பேட் இன்னும் 40 டிகிரியில்தான் இருக்கிறது. ட்ராக்கில் ஓட்டியவரைக் காப்பாற்றிய அதே பேட், இங்கே ஸ்கூட்டரில் வருபவரைக் காப்பாற்றுமா என்பது சந்தேகம். அந்த ஸ்கூட்டர்காரர் எந்த ட்ராக் டேவுக்கும் கையெழுத்துப் போட்டவரல்ல.

தினமும் ஓட்டும் காருக்கு இரண்டு வழிதான் நியாயமானவை. சாலையிலும் ட்ராக்கிலும் ஓரளவு ஒத்துப்போகும் நடுத்தர பேட் போட்டுக்கொண்டு, ட்ராக்கில் சுற்றுகளைக் குறைத்துக்கொள்வது. அல்லது, ட்ராக் பேடைத் தனியாக டிக்கியில் எடுத்துப் போய் அங்கேயே மாட்டி, கிளம்பும் முன் கழற்றிவிடுவது. பேட் மாற்றக் கற்றுக்கொள்வது பெரிய வித்தை இல்லை. ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பேனர் செட், விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு மதியத்தில் பழகிவிடும்.

புது பேடைப் போட்டவுடன் முழு வேகத்தில் போகக் கூடாது. படிப்படியாகச் சூடேற்றி, நடுவில் முழுதாக நிறுத்தாமல், பிறகு ஆறவிட்டுப் பழக்க வேண்டும். அப்போதுதான் பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சமமாகப் படியும். பாதிக்கு மேல் தேய்ந்த பேடோடு ட்ராக்குக்குப் போவதும் வேண்டாம். பேட் மெலிந்தால் சூடு பின்னால் இருக்கும் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் சீக்கிரம் போகும்.

டூப்ளிகேட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயர் பெற்ற பிராண்டின் பெட்டியில் போலிச் சரக்கு வருவது வாகன உதிரிபாகச் சந்தையில் தெரிந்த கதை. பாதி விலைக்கு ட்ராக் பேட் கிடைக்கிறது என்றால், அதைப் பரிசோதிக்கும் இடம் 150 கி.மீ. வேகத்தில் வருகிற வளைவாக இருக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரிகிற பாகங்கள்

ஆயிலும் பேடும் வெளியே தெரியாது. அலாய் வீல் வழியாகப் பளபளக்கும் சிவப்புக் காலிப்பர் தெரியும். வியாபாரம் அங்கே நடப்பதில் ஆச்சரியமில்லை.

பெரிய பிரேக் கிட் மோசமானது என்று யாரும் சொல்லவில்லை. டிஸ்க் பெரிதானால் அதிகச் சூட்டை வாங்கும், சீக்கிரம் ஆறும். ஆனால் ஒரே ஒரு அவசர பிரேக்கில் வண்டி நிற்கும் தூரத்தை அது பெரிதாகக் குறைக்காது. முழுதாக மிதித்தால் ஏபிஎஸ் துடிக்கிறதா? அப்படியானால் டயரின் பிடிப்பு முழுக்க ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் நிறுத்த வேண்டுமானால் காசு டயருக்குப் போக வேண்டும்.

இதில் இன்னும் சில முடிச்சுகள் உண்டு. புதுக் காலிப்பரின் பிஸ்டன்கள் பெரிதானால், பழைய மாஸ்டர் சிலிண்டர் அதிக ஆயிலைத் தள்ள வேண்டிவரும். பெடல் நீளமாக இறங்கும். முன்பக்கம் மட்டும் பலமானால் முன் பின் சமநிலை மாறும், பின் பிரேக் சும்மா இருக்கும். ஏபிஎஸ் கணக்குகளெல்லாம் கம்பெனி போட்ட பழைய அளவுக்கானவை. சக்கரம் காலிப்பரில் இடிக்கும் என்று புது வீல், அதற்குப் புது டயர் என்று செலவு சங்கிலியாக நீளும்.

துளை போட்ட டிஸ்க்கும் இதே ரகம். பார்க்க அழகு. ஆனால் அமெச்சூர் ட்ராக் காரில் திரும்பத் திரும்பச் சூடேறி ஆறும்போது துளையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். கோடு வெட்டிய டிஸ்க் பரவாயில்லை; நல்ல தரமான சாதா டிஸ்க் இன்னும் பரவாயில்லை. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் பேச்சே வேண்டாம், மாற்ற வேண்டும்.

எஃகு வலை போர்த்திய ஹோஸ் பெடலைக் கொஞ்சம் இறுக்கமாக்கும், ரப்பர் ஹோஸ் பழசாகியிருந்தால் நிச்சயம் பலன் தெரியும். ஆயில் கொதிப்பதை அது தடுக்காது. அதைவிட மலிவாகவும் பலனோடும் செய்யக்கூடியது, முன் பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்று போக ஒரு குழாய். பார்க்க அசிங்கமாக இருக்கும். போட்டோவுக்கு வராது.

பின்சக்கர டிரம்மைத் தூக்கலாமா?

இந்தியாவில் ஓடும் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டிரம் பிரேக்தான். 105 குதிரைத்திறன் போலோவுக்கும் அதே கதை. பின்னாலும் டிஸ்க் போட்டுவிட்டால் முழு ரேஸ் கார் ஆகிவிடும் என்ற ஆசை பலருக்கு வருகிறது.

பின்பக்கத்துக்குப் போகும் வேலை குறைவு என்பதால் அந்த டிரம் பெரும்பாலும் சமாளித்துவிடும். மாற்றுவதில்தான் ஆபத்து அதிகம். வேகமாக வளைவுக்குள் நுழையும்போது முன்சக்கரத்துக்கு முன் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் கார் பம்பரமாகச் சுற்றும். அது நடக்காமல் இருக்கத்தான் கம்பெனி முன் பின் விகிதத்தைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஹேண்ட் பிரேக்கும் அந்த டிரம்முக்குள்ளேதான் இருக்கிறது. வேறொரு மாடலின் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தும் பட்டறைகள், விகிதத்தை அளந்து பார்த்துத் தருவதாகச் சொன்னால் மட்டும் மேலே பேசலாம்.

யாரும் கேட்காத கேள்விகள்

இங்கே வழக்கமாக வரும் தனியார் கார் இன்சூரன்ஸ் பாலிசியில் ஒரு வரி உண்டு: ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேக சோதனை போன்ற பயன்பாடுகளுக்குக் காப்பீடு கிடையாது. "ரேஸ் இல்ல சார், சும்மா ட்ராக் டே" என்ற வாதம் எடுபடும் என்று நம்பிப் போகக் கூடாது. பாலிசியை எடுத்துப் படித்துவிட்டு, சந்தேகமிருந்தால் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. சுவரில் இடித்தால் செலவு முழுக்கச் சொந்தப் பையிலிருந்துதான் என்று வைத்துக்கொண்டு பார்த்தால், ஆயில் மாற்றும் செலவு வேறு மாதிரித் தெரியும்.

ட்ராக் டே நடத்துபவர்களும் இதில் கொஞ்சம் கண்டிப்பு காட்டலாம். ஹெல்மெட்டைத் தட்டிப் பார்ப்பதோடு, ஆயில் எப்போது மாற்றியது, பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற இரண்டு கேள்வி. பில்லைக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. பதில் இல்லாதவர் அன்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகட்டும். கட்டணம் கட்டியவரைத் திருப்பி அனுப்புவது சங்கடம்தான். அவர் பின்னால் வந்து இடிக்கப் போகும் காரும் கட்டணம் கட்டிய ஒருவருடையதுதானே.

ஓட்டுகிற விதமும் பிரேக்கைக் காப்பாற்றும். புதிதாக வருபவர்கள் பயத்தில் ஸ்ட்ரெய்ட்டின் பாதியிலேயே பிரேக்கைத் தடவ ஆரம்பித்து, வளைவு முடியும் வரை காலை எடுப்பதில்லை. பேட் டிஸ்க்கை விட்டுப் பிரியும் நேரம் குறைகிறது, ஆறவும் நேரமில்லை. நேராகப் போகும்போதே உறுதியாக மிதித்து, வேலை முடிந்ததும் காலை எடுத்துவிடுவது மேல். புதிய கார்களில் இஎஸ்சி இருந்தால், வண்டி சறுக்கும்போதெல்லாம் ஓட்டுநருக்குத் தெரியாமல் அதுவே தனித்தனி சக்கரத்தில் பிரேக் போட்டுச் சூடேற்றிக்கொண்டிருக்கும். அதற்காகப் புதியவர் அதை அணைத்துவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. சுற்றுகளைக் குறைத்துக்கொண்டால் போதும். முதல் நாளில் ஒரு தடவைக்கு நான்கைந்து சுற்றே அதிகம்.

கடைசிச் சுற்றை பிரேக்கே போடாத அளவுக்கு மெதுவாக ஓட்டி, காற்றில் ஆறவிட்டு உள்ளே வர வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்கக் கூடாது. சூட்டில் ஷூவும் பேடும் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லைக் கொடுத்தால் போதும். பிரேக் பெடலில் காலை வைத்தபடி நின்று கதை பேசுவதும் கூடாது.

மாலையில் ட்ராக் பேடைக் கழற்றும்போதே டிஸ்க்கில் விரிசல் இருக்கிறதா, பிஸ்டன் ரப்பர் கருகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். பெடல் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சமாவது இறங்கியிருந்தால், ஆயில் ஒருமுறையாவது கொதித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காரை ஹைவேயில் ஏற்றும் முன் அங்கேயே ஏர் எடுத்தாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஞாயிறு மாலை திரும்பும் லாரிகளுக்கு நடுவே ஏபிஎஸ்ஸால் எதுவும் செய்ய முடியாது, பெடலில் அழுத்தமே இல்லையென்றால்.